நீலச் சேறு

முதலில் நிலத்தைச் சொல்லிவிட்டால் ஆட்களைச் சொல்வது எளிது. ஆறு கடலை நெருங்கியதும் ஓடச் சோம்பல்பட்டு, பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் இடம் அது. வெள்ளம் கரை தாண்டும்போதெல்லாம் கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, மாவு போன்ற களியை மட்டும் உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படியவிடும். அதனால் அந்தப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய நிலம்தான் மேடு. ஆற்றை விட்டு விலக விலகப் பள்ளம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், எதையோ தலைகீழாகச் சொல்கிறோம் என்று சிரிப்பார்கள்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது மேடு அக்காவுக்கு வந்தது, பள்ளம் தம்பிக்கு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அக்காவுக்குப் புருஷனும் போய்விட்டான், பிள்ளையும் இல்லை. ஒற்றைப் பெண்ணாகச் சேற்றில் இறங்கி நெல் பார்க்க முடியாது, மேட்டில் காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தம்பியேதான் சொன்னான். ஊரில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பேசுகிற தோரணை அப்படி.

மேட்டு மண் சொன்ன பேச்சுக் கேட்கும். மழை பெய்தால் குடித்துவிட்டு மறுநாளே கொத்தக் கொடுக்கும். கத்தரியும் மிளகாயும் அவரையும் மாற்றி மாற்றிப் போட்டு, அக்கா வருஷம் முழுக்க எதையாவது பறித்துக்கொண்டே இருப்பாள்.

தாழ்வயலின் குணமே வேறு. மேலே சாம்பல் நிறக் களி. அதைக் கையளவு தோண்டினால், பழைய வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த கம்பி போலச் செம்பழுப்புக் கோடுகள். இன்னும் கீழே போனால் நீலம். சிலேட்டுப் பலகையை அரைத்து வெண்ணெயில் குழைத்த மாதிரி, விரலிடுக்கில் பிதுங்கி வரும் நீலச் சேறு. அழுகின முட்டை நாற்றம். மேலே விழுந்த மழைக்குக் கீழே இறங்க வழி கிடையாது. பக்கத்தில் போகலாமென்றால் எல்லாப் பக்கமும் மேடு. வெயிலில் காய்ந்துதான் போகவேண்டும். ஒரு மழைக்கு உழ முடியாத சேறு, ஒரு வெயிலுக்கு உழ முடியாத கல். நடுவில் ஏர் இறங்குகிற பதம் ஒன்று வரும். "அது உங்க தம்பி வாயத் தொறந்து நல்ல வார்த்தை சொல்ற நேரம் மாதிரி அண்ணி. வரும். நாம திரும்பிப் பாக்கறதுக்குள்ள போயிடும்" என்பாள் தம்பி பெண்டாட்டி.

அந்த மண்ணில் நெல் ஒன்றுதான் வரும். அதுவும் ஒரு போகம். மற்ற மாதங்களில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும், தம்பி வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

வழி இல்லாமல் இல்லை. தாழ்வயலிலிருந்து ஆழமாக ஒரு வடிகால் வெட்டி, அக்காவின் மேட்டைக் குறுக்கே பிளந்து ஆற்றில் விட்டால் தண்ணீர் வடிந்துவிடும். ஆறு ஏறும்போது அடைக்க வடிகால் வாயில் ஒரு பலகை போட்டால் போதும். தம்பி இதைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை கேட்பான். வடிகால் போகிற வழியில்தான் அக்காவின் நல்ல பாத்திகளெல்லாம் இருந்தன.

"உன் தண்ணி உன்கூடவே இருக்கட்டும்டா. எனக்குச் சீதனமா அனுப்பாத" என்பாள்.

அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் காலையில் தம்பி பெண்டாட்டி கத்தரிக்காய் வாங்க வந்தவள், வாங்காமல் நின்றாள்.

"அண்ணி, உங்ககிட்ட அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்லணும். எங்க அண்ணன் துறைமுகத்துல கிடங்கு வேலை பாத்து வெச்சிருக்கார் இவருக்கு. அறுப்பு முடிஞ்சதும் கிளம்பறோம்."

"எத்தன நாளைக்கு?"

தம்பி பெண்டாட்டி கூடையிலிருந்த ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அக்கா அன்று பறித்த காய்களைச் சந்தைக்கு அனுப்பவில்லை. தம்பி வீடு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது. காலையில் அவன் பல் தேய்த்துக் கொப்புளிக்கும் சத்தம் அக்காவுக்குக் கேட்கும். அவன் மகள், ஊரார் வாலு என்று கூப்பிடும் குட்டிப்பெண், பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டுக்குள் புகுந்து டப்பாக்களைத் திறந்து மூடுவாள். அக்காவுக்கு உலகத்தில் இருந்த மனிதர்கள் அவ்வளவுதான். சாயங்காலம் அவள் போனபோது தம்பி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வடிகால் வெட்டிக்கோ" என்றாள்.

"என்னக்கா?"

"காது அடைச்சிருக்கா? மேட்ட வெட்டி வடிகால் விட்டுக்கோங்கறேன். மொளகா போடு, கத்தரி போடு. ரெண்டு போகம், மூணு போகம் எடு. கிடங்குல மூட்டை தூக்கற வயசாடா உனக்கு?"

தம்பி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "உன் கத்தரிப் பாத்தி போயிடுமே."

"போகட்டும். கத்தரிக்கா எனக்குக் கொள்ளி வைக்கப்போகுதா?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "என் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று தம்பி பெண்டாட்டி உள்ளிருந்தே கேட்டாள். "ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லு" என்றான் தம்பி. அவன் குரல் லேசாக உடைந்திருந்தது. அதை மறைக்கச் சைக்கிள் பெடலை வேகமாகச் சுற்றினான்.

பொக்லைன் வந்தது. கத்தரிப் பாத்திகளை அது அள்ளியபோது அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டைத் தாண்டித் தாழ்வயலுக்குள் இறங்கியதும் சாம்பல் களி வந்தது. அப்புறம் நீலம் வந்தது. வண்டிக்காரர் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார்.

"என்ன தம்பி, அடியில எதைப் பொதச்சு வெச்சிருக்கீங்க? போலீஸக் கூப்பிடணுமா?"

"எங்க தாத்தா காலத்துச் சேறுண்ணே. குளிச்சதில்ல."

நீலச் சேறு கரை நெடுக மலையாகக் குவிந்தது. இதை வண்டி வைத்து அடித்து ஆற்றோரப் புறம்போக்கில் கொட்டிவிடலாம் என்றான் தம்பி. அங்கேதான் அக்கா குறுக்கே வந்தாள்.

மேட்டில் அவள் வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்ததும் கரையோரத்தில் படிந்த வண்டலைக் கூடை கூடையாக வாரிப் பாத்திகளில் பரப்புவாள். எருவே வேண்டாம், காய் தொங்கும். கையிலுள்ள சேற்றைத் தூக்கி எறிவதென்பது அவளுக்குச் சோற்றைத் தூக்கி எறிவது மாதிரி.

"கொட்டறதா? பைத்தியமாடா நீ? இத்தன வருஷமாத் தண்ணிக்கடியில ஊறின மண்ணுடா இது. வயலெல்லாம் பரப்பு. தரையும் ஒரு முழம் ஒசரும், சத்துக்குச் சத்தும் ஆச்சு."

தம்பி ஒரு கணம் சேற்றைப் பார்த்தான். "களி இது அக்கா. வண்டல் இல்லியே."

"எல்லாம் ஆறு கொண்டாந்ததுதானே? ஆத்துக்கு என்ன ஓரவஞ்சனையா?"

காய்கறி விஷயத்தில் அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. பரப்பினார்கள். வயல் முழுக்க நீலம், ஒரு பெரிய காயம் கன்றிப்போன மாதிரி. அக்கா வரப்பில் நின்று, "அங்க பள்ளமா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

வடிகாலில் தண்ணீர் இறங்கியதை ஊரே வந்து பார்த்தது. முதலில் எண்ணெய் மிதப்பது போல ஓர் ஏடு வந்தது. குச்சியால் குத்தினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்தது. அப்புறம் செந்நிறக் கலங்கல். அப்புறம் நாள் செல்லச் செல்லத் தாழ்வயல் காய்ந்தது. இரண்டு தலைமுறையாக யாரும் செருப்புப் போட்டு நடக்காத இடத்தில் வாலு பள்ளிக்கூட பூட்ஸோடு ஓடினாள். வயல் கொத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. தம்பி ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, மேசைமேல் கொட்டி, "பாரு, உன் மண்ணு மாதிரியே இருக்கு" என்றான். அக்கா துடைக்கவில்லை. இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது.

மிளகாய் நாற்று நட்டார்கள். தம்பி பெண்டாட்டி கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள். எல்லோருமாக அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட அன்று தம்பி இன்னொரு செய்தி சொன்னான். வடிகால் தண்ணீர் தெளிந்துவிட்டதாம். அடியில் கிடக்கும் நத்தை ஓடு வரை தெரிகிறதாம்.

"கண்ணாடி மாதிரி இருக்குக்கா. லேசா பச்சையா, பாட்டில் மாதிரி. இந்தப் பக்கத்துல இப்படித் தண்ணி யாராவது பாத்திருக்காங்களா?"

யாரும் பார்த்ததில்லை. கலங்கிய தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அக்காவும் போய்ப் பார்த்தாள். அவ்வளவு சுத்தம். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து, முடியைக் கோதிக்கொண்டு, "நான் இவ்வளவு கிழவியாயிட்டேன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றாள்.

வாலுதான் முதலில் கேட்டாள்.

"அத்தை, தவளை எல்லாம் எங்க போச்சு?"

"தண்ணி வடிஞ்சுதில்ல, அதான் கிளம்பிப் போயிடுச்சு."

"வடிகால்லதான் தண்ணி இருக்கே. அங்கயும் இல்ல."

அக்கா எட்டி வடிகாலைப் பார்த்தாள். அந்த வாரமே வடிகாலில் சின்னச் சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கரையில் ஒரு கொக்கு வந்து நின்று, தண்ணீரைப் பார்த்து, குனியாமலே பறந்து போனது.

மிளகாய்ச் செடி வைத்த உயரத்திலேயே நின்றது. இலை ஓரம் சிவந்து சுருண்டது. தம்பி ஒன்றைப் பிடுங்கினான். வேர் நெருப்பில் காட்டிய நூல் மாதிரி முனை கருகி, கட்டையாக இருந்தது. பிடுங்கிய குழியின் ஓரத்தில் மஞ்சள் தூள் கொட்டியது போல வெளிர் மஞ்சள் புள்ளிகள். பார்க்கப் பார்க்க வெடிப்பு நெடுக அந்த மஞ்சள்தான். மண்வெட்டியை வடிகாலில் விட்டுவிட்டு மறுநாள் எடுத்தால் விளிம்பு அரித்திருந்தது. அதில் நின்று வேலை செய்த தம்பியின் கால் தோல் பிளந்து எரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி அதே வயலில் இறங்கினான். மறுநடவும் செய்தான். அதுவும் சிவந்தது.

"மண்ணுக்குத் தெரியாம யாராவது வெஷம் வெச்சிட்டாங்களோ?" என்றாள் தம்பி பெண்டாட்டி. சிரிப்புக்குச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மண் பரிசோதனை நிலையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சுவரோரம் மண் நிரப்பிய துணிப்பைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குடுவைகள். தலைக்குமேல் ஓடும் விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் விட்டது. அங்கே இருந்த பெண் சின்ன வயதுக்காரி, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ ஏற்றிக்கொண்டாள். தம்பியும் அக்காவும் கொண்டுபோன பையை வாங்கிக் கொஞ்சம் மண்ணை நீரில் கரைத்து, புளிப்பைக் காட்டும் ஒரு மஞ்சள் தாளை நனைத்தாள். தாள் மிளகாய்ப் பழம் போலச் சிவந்தது.

"கீழ இருக்கற நீல மண்ணும் கொண்டு வந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தார்கள். இன்னொரு தாளை அதில் வைத்தபோது நிறம் மாறவில்லை. அக்காவுக்கு உயிர் வந்தது. "பாத்தியா, அது நல்ல மண்ணு" என்றாள் தம்பியிடம்.

பெண் ஒரு புட்டியிலிருந்து ஏதோ மருந்தை அந்த நீலக் களியில் ஊற்றினாள். களி சீறிப் பொங்கியது. புகை வந்தது. அடங்கிய பிறகு தாளை வைத்தாள். முன்னதைவிடச் சிவப்பு.

"அம்மா, இது தண்ணிக்கடியில இருக்கற வரைக்கும் சாது. ஒண்ணும் பண்ணாது. ஒரு காலத்துல கடல் தண்ணி வந்து போன சதுப்பு இல்லையா, கந்தகமும் இரும்பும் சேந்து தூங்கிட்டிருக்கு. காத்து பட்டா போதும், அமிலமாயிடும். நாள்கணக்கா தண்ணி வடிய வடியக் காத்து உள்ள போயிருக்கு. தண்ணி ஏன் அவ்வளவு தெளிவா இருந்துது? அந்த அமிலம் கலங்கல் எல்லாத்தையும் அடியில படிய வெச்சிடும்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள். "வெட்டின நீல மண்ண என்ன பண்ணீங்க?"

விசிறி ஒரு முறை முனகியது.

"வயல்ல பரப்பினோம்" என்றான் தம்பி.

அந்தப் பெண் தாளைக் கீழே வைத்தாள். "அது ஒண்ணு பண்ணாம இருந்திருந்தா, வடிகால ஆழம் கொறச்சு, கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணிருக்கலாம். அடியில இருந்ததைத் தலைமேல தூக்கி வெச்ச மாதிரி ஆயிடுச்சே. யார் பரப்பச் சொன்னாங்க?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"நான்தான். எருன்னு நெனச்சேன்" என்றான் தம்பி.

சுண்ணாம்பு போடலாமா என்று கேட்டதற்கு, இவ்வளவு புளிப்புக்கு வண்டி வண்டியாகக் கொட்டவேண்டும், கட்டுப்படியாகாது என்றாள். இருப்பது ஒரே வழி. வடிகாலை அடைத்து, மறுபடி தண்ணீரை நிறுத்தி, மண்ணை மூச்சுவிடாமல் வைத்திருப்பது. மழைத் தண்ணீர் புளிப்பைக் கரைக்கக் கரைக்க வடித்து வடித்து நிரப்புவது. நெல்லுக்காவது திரும்பத் தேறும்.

"எப்போ தேறும்?"

"வருஷங்கள் ஆகும் அண்ணா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தம்பியைப் பார்க்கவில்லை, அவன் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் நெருங்கும்போதுதான் கேட்டாள்.

"எதுக்குடா பொய் சொன்ன?"

"என்ன பொய்?"

"பரப்பச் சொன்னது நான்."

"வடிகால் வேணும்னு இத்தன வருஷம் கேட்டது யாரு? நான்தானே? நீ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்ன. உன் பேச்சக் கேட்டிருக்கணும்."

திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்டக்டர் வந்து நின்று, பார்த்துவிட்டு, கேட்காமல் அடுத்த இருக்கைக்குப் போனார்.

கிடங்கு வேலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. தம்பி பெண்டாட்டி பெட்டியை மறுபடி கட்டினாள். இந்த முறை பாத்திரங்களுக்கு நடுவே பழைய துணியைத் திணித்து, ஆடாமல் கட்டினாள். அக்கா ஒரு கூடை காய் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அங்க கத்தரிக்கா கிடைக்காதா அண்ணி?" என்றவள், பிறகு அந்தக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க தம்பி உங்கமேல ஒரு வார்த்த சொல்லல அண்ணி. தூக்கத்துலகூடச் சொல்லல. நான்தான் முழிச்சிருந்து கேட்டுப் பாத்தேன்."

லாரி வந்து நின்றது. வாலு முன்சீட்டில் ஏறி, ஹாரனை அமுக்கி, வண்டிக்காரரிடம் திட்டு வாங்கினாள். தம்பி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அக்காவிடம் வந்தான். கால் கட்டு இன்னும் அவிழவில்லை.

"பலகையப் போட்டுடு அக்கா. நான் போடலாம்னு போனேன். கை வரல."

"சரிடா."

"நாள் தள்ளாத. காய காய இன்னும் கெடும்."

"சரிடா, போ. மழை வருது."

மழை வரவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது. லாரி திரும்பும் வரை நின்றுவிட்டு அக்கா வடிகால் வாய்க்குப் போனாள். முன்பு அவள் கத்தரி பறித்த இடம் அது. இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட மேட்டு மண், நடுவில் பச்சைக் கண்ணாடித் தண்ணீர். பலகை கரையில் சாய்ந்து கிடந்தது.

திறந்து வைத்திருந்தால், இன்னும் ஏதோ முடியவில்லை என்று இருக்கும். தம்பி வந்தால் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும். மூடினால், தாழ்வயல் பழையபடி தண்ணீரில் நிற்கும், அங்கே உழ யாருக்கும் வேலை இருக்காது. இத்தனை வருஷம் திறக்க மறுத்தவள் அவள்தான். இப்போது பலகை கனத்தது. காலில் வைத்து, இடுப்பில் முட்டுக்கொடுத்து, பலகைக்கென்று வெட்டிய காடியில் இறக்கினாள். இடுக்குகளில் மேட்டு மண்ணை அள்ளி அப்பினாள். சொட்டுவது நின்றதா என்று கை வைத்துப் பார்த்தாள். மறுபடி அப்பினாள்.

மழை பிறகு வந்தது. தாழ்வயல் நிறைந்தது, அந்தப் பெண் சொன்னபடி வடித்து மறுபடி நிறைத்தாள். மூடித் திறக்க வேறு ஆள் இல்லை. கொப்புளிக்கும் சத்தம் கேட்காத காலைகளில் எழுந்து முதலில் அங்கேதான் போவாள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் தண்ணீர் கலங்கியிருந்தது. அடி தெரியவில்லை. பழைய அழுக்குப் பழுப்பு. அக்கா வீட்டுக்கு ஓடி வந்து போன் போட்டாள்.

"தண்ணி கலங்கிடுச்சுடா!"

பின்னால் பாரம் ஏற்றும் இயந்திரத்தின் இரைச்சல். தம்பி இரைச்சலை விட்டுத் தள்ளி வந்தான்.

"நல்லதுக்கா" என்றான். "வாலு இங்க நீச்சல் கத்துக்கறா. புது வீட்டுல தண்ணி குழாய்லயே வருது. உன்ன வரச் சொல்றா."

"வரேன்டா" என்றாள். இருவருக்கும் தெரியும், வயலை விட்டு அவள் வரமாட்டாள். அவனை வா என்று அவளும் சொல்லவில்லை.

ஒரு மூலையில் சும்மா கொஞ்சம் நெல் நாற்று ஊன்றிப் பார்த்தாள். பாதி செத்தது. மீதியில் ஒன்றைப் பிடுங்கி, வடிகால் தண்ணீரில் அலசினாள். வேரின் ஒரு பக்கம் கறுப்பு. இன்னொரு பக்கம், முடிச்சுக்குக் கீழே, லேசாகத் துருச் சிவப்பு படிந்திருந்தது. சேற்றில் மூச்சு விடுகிற வேருக்கு அந்த நிறம்தான் வரும். இதைச் சொல்லித் தந்தவன் தம்பி. நெல்லைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று அது.

நாற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில், தம்பி வீட்டுப் பக்கம் திரும்பி "டேய்" என்றாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் தண்ணீர் வந்து நின்றிருந்தது. அக்கா குனிந்து, பிடுங்கிய குழியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் நாற்றைத் திரும்ப ஊன்றினாள்.